வெள்ளை விரிப்பு

ஓபர்வாலன்பாக், அக்டோபர் 1945

அன்பு மகன் எக்கார்ட்டுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் மகள் குட்ரூனும் உயிரோடு இருக்கிறோம், அமெரிக்கர்களின் கைதி முகாமில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே உருளைக்கிழங்கு கிடைக்கிறது, விறகுதான் இல்லை. இடுப்பில் கம்பளி சுற்றிக்கொண்டு படு, உனக்குக் குளிர் ஆகாது. அம்மா குண்டு விழுந்து செத்தாள் என்று பாதிரியார் உனக்கு எழுதினாராம். நல்ல மனுஷன், பொய் சொல்லியிருக்கிறார்.

வார்சா விழுந்தது, பாரிஸ் விழுந்தது என்று ஒவ்வொரு தடவையும் தெருவே கொடி கட்டி ஆடியதே, உன் அம்மாதான் முதல் ஆள். நீ அனுப்பிய பிரெஞ்சுப் பட்டாடையை உடுத்திக்கொண்டு, உலகமே நமக்குத்தான் என்று குதித்தாள். நானும்தான் குதித்தேன். ஏப்ரலில் அமெரிக்க டாங்கிகள் ஆற்றின் அந்தக் கரைக்கு வந்துவிட்டன. சரணடைகிறோம் என்று வெள்ளைத் துணி கட்டாத வீட்டை அவர்கள் இடிப்பார்கள், கட்டியவர்களை நம்மவர்களே சுடுவார்கள். ஊரில் மிச்சமிருந்த கிழவர்களோடு நான் பாலத்தடியில் பள்ளம் வெட்டப் போயிருந்தேன். நம் படை போய்விட்டது என்று நினைத்து அம்மா கொல்லைப்பக்க ஜன்னலில் படுக்கை விரிப்பைக் கட்டிவிட்டாள். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. குட்ரூன்தான் ஓடிப் போய், கடைசியாகக் கிளம்பிக்கொண்டிருந்த நம் கறுப்பு உடைப் படைக்காரர்களிடம், எங்க பாட்டி துரோகம் பண்றாங்க, வந்து பாருங்க என்று சொன்னாள். எட்டு வயது. லீவில் வந்தபோது அவளை மடியில் வைத்துக்கொண்டு, தலைவருக்கு எதிரா தாத்தாவே பேசினாலும் ஓடிப் போய்ச் சொல்லிடணும் என்று பழக்கினவன் நீ.

யார் கட்டினது என்று அவர்களுடைய அதிகாரி கேட்டானாம். நான்தான், என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது என்றாளாம் அம்மா. கோயில் முன்னாலிருக்கும் மரத்தில் தொங்கவிட்டார்கள். இறக்கக்கூடாது என்று உத்தரவு. மறுநாள் காலையில் அமெரிக்கர்கள் வந்தார்கள், தெரு முழுக்க வெள்ளைத் துணி, ஒரு குண்டு வெடிக்கவில்லை. அந்த அதிகாரி இப்போது பக்கத்து ஊரில் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறான், பாவி.

என்னால் முடியவில்லையடா. குட்ரூனுக்குத் தலை வாரிவிடும்போது என் கை அவள் கழுத்துக்குப் போகிறது. விடுதலையானதும் நேரே வா, அவளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடு, நான் எதுவும் செய்வதற்குள்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், இதெல்லாம் நினைவில் இருக்கும்படியாக. ஒன்று விட்டுப்போயிற்று. அந்த அதிகாரி குட்ரூனுக்குப் பதக்கம் வாங்கித் தருவதாகச் சொன்னானாம். இன்னும் வரலையே தாத்தா, அப்பாவுக்கு எழுதிக் கேளுங்க என்று தினமும் நச்சரிக்கிறாள். கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோட்ஹோல்ட் ரீடிங்கர்