ரோஸ் நிறக் கேத்தல்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
12.02.2006

அன்புள்ள ராகவிக்கு,

நான் நலம். நீர் அனுப்பிய படம் கிடைத்தது. நானூறு வருடமாகத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கறுப்பு இரும்புக் கேத்தல் வார்த்தவர்களுக்கு, நீர் போய் ரோஸ் நிறம் பூசச் சொல்லிக்கொடுக்கிறீர். வடிவமைப்புப் படித்தது இதற்குத்தானா? என்னோடு வேலை செய்யும் பாலேந்திரனிடம் காட்டினேன். "மச்சான், இது சின்னப்பிள்ளையள் சோறு சமைச்சு விளையாடுற சாமானோ?" என்றான். நானும் சிரித்தேன். பழையதைப் பழையதாக விட அவர்களுக்கும் தெரியவில்லை, உமக்கும் தெரியவில்லை. ஒப்பந்தம் ஜூனில் முடிகிறதுதானே. வந்து சேரும்.

அன்புடன்,
குகநேசன்

மொரியோகா, ஜப்பான்
03.03.2006

அன்புள்ள உங்களுக்கு,

நிறம் கேட்டது நானல்ல, எங்கள் முதலாளி சாத்தோ. வயது எழுபத்தொன்று. கறுப்புக் கேத்தலை வாங்குபவர்கள் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். "என் பாட்டன் வார்த்தது பாவிப்பதற்கு" என்கிறார். மணல் அச்சு அதேதான். மேலே உள்ள புள்ளிகளை இன்றைக்கும் ஒவ்வொன்றாகக் கையால்தான் அழுத்துகிறார்கள். உள்ளே மட்டும் எனாமல் பூச்சு, துருப்பிடிக்காது. ஐரோப்பாவுக்குப் போகும் இந்தச் சின்னக் கேத்தலால், அணைந்து கிடந்த இரண்டாவது உலை மறுபடி எரிகிறது.

இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். உங்களிடம் கேட்காமல் பதில் சொல்ல விருப்பமில்லை. முதல் வார்ப்பில் ஒன்றை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்
ராகவி

ட்வெய்ட்டா
02.04.2006

ராகவிக்கு,

உமது கேத்தல் வந்தது. மேல்வீட்டு மங்களேஸ்வரி அக்கா வந்த அன்று அடுப்பில் வைத்தேன். உள்ளே பூச்சு வெடித்துச் சில்லுச் சில்லாகத் தண்ணீரில் கிடந்தது. "இதுதானோ தம்பி ஜப்பான் சாமான்?" என்று அக்கா கேட்டா. நானூறு வருட வேலையின் லட்சணம் இது. இங்கே ஸ்ட்ரோம்மன் கடையில் வாங்கிய மலிவுக் கேத்தல் ஆறு வருடமாகக் கொதிக்கிறது. இதை உமது முதலாளிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும். ஜூன் பத்தாம் திகதிக்கு உமக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

குகநேசன்

மொரியோகா
20.04.2006

குகநேசன் அவர்களுக்கு,

முதலாளிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "பெட்டிக்குள் இருந்த தாளை அவர் வாசிக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அது தேயிலை ஊறவைக்கும் கேத்தல், அடுப்பில் வைப்பதல்ல. நோர்வேக்கு வரும் மற்றப் பெட்டிகளில் இதை நோர்வே மொழியில் அச்சடித்துப் போட்டோம். உங்கள் பெட்டியில் நான் தமிழில், கையால் எழுதிப் போட்டேன். அதன் கீழே வேறு விஷயமாக இரண்டு பக்கமும் எழுதியிருந்தேன்.

இரண்டு வருடத்தைப் பற்றிக் கேட்டதற்கும் உங்களிடமிருந்து ஒரு சொல் இல்லை. கையில் வந்ததைத் திருப்பிப் பார்க்காமலே சிரிக்கிற ஒருவருக்கு விளக்கம் சொல்லியே, கலியாணமாகி ஒன்பது வருடம் போயிற்று. இனி எனக்கு அந்த வேலை வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டிக்கெட்டை ரத்துச் செய்யுங்கள். அந்த இரண்டு பக்கத்திலும் என்ன இருந்தது என்று கேட்டு எழுத வேண்டாம்.

ராகவி