கொதித்ததும் தெளிந்தது

1946 ஜனவரி 9

ரோச் அண்ணன் இன்று ஆசுபத்திரிக்கு வந்தான். இடுப்பிலும் விலாவிலும் வலி. "ஆழத்துல சங்கு குளிக்குதவனுக்கு எலும்பு நோவாம இருக்குமா, இசபெல்லா?" என்று சிரித்தான். எங்கள் கரையில் எல்லோரும் சொல்வதுதான், நானும் அப்படித்தான் நினைத்தேன். சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்கச் சொன்னார் டாக்டர் சிவசுப்பிரமணியன். இங்கே அது என் வேலை. இன்று வரிசையில் பதினான்கு குழாய்கள். ஸ்பிரிட் விளக்கில் பிடித்து ஒரேயடியாகக் கொதிக்கவிட்டேன். புரதம் இருந்தால் கலங்கும்; இது தெளிவாக இருந்தது. ஆல்புமின் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். தேய்க்க மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஜனவரி 11

அண்ணன் வேம்பார்ப் பக்கம் சங்கு முகாமுக்குப் போய்விட்டான். திரும்ப ஒரு மாதம் ஆகும்.

பிப்ரவரி 11

சங்குப் பையை வள்ளத்தில் தூக்கும்போது அண்ணனுக்கு விலா எலும்பு முறிந்துவிட்டது. ஒரு பையைத் தூக்கினதுக்கா? ஆசுபத்திரியில் வெளிறிப்போய்க் கிடக்கிறான்.

டாக்டர் அவன் சிறுநீரைக் குழாயில் எடுத்து, வெந்நீரில் வைத்து மெல்லச் சூடேற்றினார். பால் போலக் கலங்கியது. கொதித்ததும் கலங்கல் மறைந்தது. ஆறவிட்டதும் திரும்பி வந்தது. அன்று நான் ஒரேயடியாகக் கொதிக்கவிட்டதில் இந்தக் கலங்கல் கண்ணில் படவேயில்லை.

"பென்ஸ் ஜோன்ஸ் புரோட்டீன். எலும்பு மஜ்ஜையில புத்துநோய். இதுக்கு மருந்து கிடையாதும்மா."

போன தடவை பார்த்தது நான்தானே என்று அவர் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 13

தப்பாகப் பார்த்தது நான் என்று அண்ணனிடம் எப்படிச் சொல்ல?

பிப்ரவரி 17

மதினி மெட்டில்டா கஞ்சி எடுக்கப் போன நேரம், அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நான் அவசரப்படாமல் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று.

"அன்னைக்கே தெரிஞ்சா மருந்து உண்டுமா?"

"இல்ல."

"பெறவு என்னளா? ஒரு மாசம் கடல்ல கெடந்தேம்லா. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியளா?"

பாரம் பாதி இறங்கிவிட்டது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

மே 2

அண்ணனை அடக்கம் செய்தோம்.

மே 31

முப்பதாம் நாள் பூசை. மதினியைத் தேற்றுவதாக நினைத்து, என் தப்பையும் சொல்லி, அண்ணன் சொன்னதையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முறம் நின்றது.

"அவுகளுக்குக் கடல் கெடச்சுது. சரி. அந்த மாசம் அவுக எங்கூட இங்கன இருந்திருப்பாகள்லா, இசபெல்லா?"

முறத்தைத் திரும்ப எடுத்தாள்.

"இப்பப் போ," என்றாள். வந்துவிட்டேன்.