பெரும்பாலும் சமதளம்

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் பனி. சானடோரியம் வரை ரயில் ஊர்ந்தது. பெண்கள் பெட்டியில் யாரோ பூக்கூடையை மிதித்துவிட்டார்கள், குரோம்பேட்டை வரும்வரை அதே சண்டை.

ஆபீசில் இன்று நான் எழுத வேண்டிய ஊர்: வியன்னா. அரண்மனையில் தொடங்கி ஒரு காபிக்கடையில் முடிகிற நடை. இரண்டு பத்தி ஆனதும் கரண்ட் போனது. நானும் பக்கத்து சீட்டு விமலாவும் ஆபீஸ் மொட்டை மாடியில். கீழே ஜி.எஸ்.டி. ரோடு, ஸ்வீட் ஸ்டாலில் எண்ணெய் காயும் வாசனை.

"இன்னிக்கு எந்த ஊர்ல இருக்கே?" என்றாள்.

"வியன்னா."

"நான் ஏதென்ஸ். வெயில் தாங்கல மகேசு."

மேனேஜர் கண்ணன் சார் மறுபடியும் அதையே சொன்னார்: "'நான்'னு எழுதுங்கம்மா. ஊருக்குப் புதுசா வர்றவனை, கைடு இல்லாம, நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி." எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர், ஹெலன். நாங்கள் எழுதிக் கொடுக்கும் வெளிநாட்டுப் பயண இணையதளத்தில் ஹெலனுக்குப் புகைப்படம் உண்டு. நீலத் தொப்பி, சிரிப்பு. பத்து வருடமாக ஐரோப்பாவைக் காலால் அளந்தவளாம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நுழையும்போதே அம்மாவின் குரல், மாடியிலிருந்து கீழே. பாயம்மா கீழே இருந்து மேலே. எங்கள் வீட்டு ஓனர் பஷீர் பாயின் மனைவி. முட்டி வலி. நாங்கள் மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்து ஆறு வருடத்தில் அவர் ஒருமுறைகூட இந்தப் படி ஏறியதில்லை. பேச்செல்லாம் அண்ணாந்துதான்.

பாய் தோல் வியாபார விஷயமாகப் போர்ச்சுகல் போகிறாராம். இந்த முறை பாயம்மாவும். ஹஜ்ஜுக்குப் பிறகு முதல் பயணம். லிஸ்பன் என்று ஊர்.

அம்மா: "லிஸ்பனா? எங்க மகேசு எழுதின ஊராச்சே! வெள்ளக்காரனுக்கே வழி சொல்றா எம்பொண்ணு."

அதை நான் டிசம்பரில் எழுதினேன். அம்மாவிடம் ஊர்ப் பெயரை ஏன் சொன்னேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பாயம்மாவுக்கு என் லிஸ்பன் பக்கத்தைப் பிரின்ட் அவுட் எடுத்துக் கொடுத்தேன். கலரில். பிளாஸ்டிக் உறையில் போட்டு. அந்த உறையை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. (இந்த வரி 12ஆம் தேதி எழுதியது.)

வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாது. "பாய் படிச்சுச் சொல்லுவார். ஏண்டி, நான் முட்டி வலிக்காரி. நடக்க முடியுமா என்னால?"

"பெரும்பாலும் சமதளம்தான் பாயம்மா. வயசானவங்களும் போலாம்னு எழுதியிருக்கேன்."

"நல்லாத் தெரியுமில்ல?"

தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லை என்பது ஒரு சமாதானமா?

புதன்கிழமை, 14ஆம் தேதி, பாய்க்கு அங்கே வேலை இல்லையாம். "அன்னிக்குத்தான் உன்னோட நடை" என்றார். உன்னோட நடை.

பிப்ரவரி 8, வியாழன்

கிளம்பிவிட்டார்கள். பெட்டிக்கு மேல் பச்சை நாடா கட்டியிருந்தது. பாயம்மா புர்கா மேல் அன்சார் அண்ணாவின் பழைய ஸ்வெட்டர். அன்சார் அண்ணா அவர்கள் மகன், குடோனைப் பார்த்துக்கொள்பவர். கார் கிளம்பும்போது பாயம்மா கைப்பையைத் தட்டிக் காட்டினார். "இதுல வெச்சுக்கினு கீறேன்டி."

எதிர்வீட்டு டீச்சர் கேட்டார், என்னது அது என்று. அம்மா சொன்னாள். முழுவதும் சொன்னாள்.

ரேஷன்: சனிக்கிழமை. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பிளவுஸ் தைக்கக் கொடுத்ததை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

குன்றத்தூர் மலைக்கோயில். எனக்கு வேலை கிடைத்தால் படியேறி வருவதாக அம்மாவின் வேண்டுதல், இப்போதுதான் வாய்த்தது. வண்டி மேலேயே போகும் என்று பஸ்ஸில் ஒரு அம்மாள் சொன்னார். அம்மா கேட்கவில்லை. பாதியில் தூணைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். நெற்றி வியர்வையில் குங்குமம் வழிந்தது. "இன்னும் எவ்ளோடி?" "கொஞ்சம்தான்." "கொஞ்சம்னு நீ சொல்லாத. ஏறிட்டு வந்தவங்களைக் கேளு."

இறங்கி வந்த ஒருவரைக் கேட்டோம். அவரும் கொஞ்சம்தான் என்றார். அம்மா நம்பி எழுந்தாள்.

மேலே நல்ல காற்று. தாம்பரம் பக்கம் எல்லாமே சாம்பல் நிறம்.

பிப்ரவரி 12, திங்கள்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் சும்மா, கம்ப்யூட்டரில், வானத்திலிருந்து எடுத்த படத்தில் குன்றத்தூரைத் தேடினேன். விமலாவுக்குக் காட்டத்தான். கோயில் கோபுரம் ஒரு புள்ளி. நேற்று அம்மா உட்கார்ந்த படிக்கட்டு ஒரு வெள்ளைக்கோடு. தெரு மாதிரியே இருந்தது. மலையே இல்லை. எல்லாம் தட்டையாக, தோசைக்கல் மாதிரி.

விமலா, "எங்கடி மலை?" என்று சிரித்தாள்.

லிஸ்பனையும் இப்படித்தான் பார்த்து எழுதினேன். ஆற்றங்கரைச் சதுக்கம், வளைவு, மாதா கோயில், அதைத் தாண்டிக் கோட்டை. திரையில் விரல்நீளம்கூட இல்லை. இளைப்பாறியபடி நடக்கலாம், பெரும்பாலும் சமதளம்.

என் பக்கத்தைத் திறந்து படித்தேன். முதல் வரி: "ஏழு குன்றுகளின் நகரம்." நானே எழுதியது. எங்கேயோ பார்த்து, அழகாக இருக்கிறது என்று எடுத்துப் போட்டது. மூன்றாம் வரி: சமதளம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிதான். எழுதும்போது உறைக்கவே இல்லை. பி.ஏ. ஆங்கில இலக்கியம், முதல் வகுப்பு.

அங்கே போய்வந்தவர்கள் போட்ட படங்களைத் தேடினேன். படி. படி. படிக்குப் பக்கத்தில் மேடேறும் மஞ்சள் டிராம். கருப்பும் வெள்ளையுமாய்ச் சின்னச் சின்னக் கல் பாவிய நடைபாதை. மழையில் வழுக்குமாம்.

புதன்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அன்சார் அண்ணா தினமும் போன் பேசுகிறார். நாளைக் காலை சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சொல்லவில்லை.

காலையில் இறங்கினேன். வாசலில் டீச்சர். திரும்பிவிட்டேன். சாயங்காலம் மறுபடி. படிக்கட்டிலேயே வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டேன். "அண்ணா, நான் எழுதினதில் ஒரு தப்பு." இல்லை. "அண்ணா, அங்கே மேடு அதிகமாம், அம்மாவை நடக்க வேண்டாம்னு சொல்லுங்க." இது சரி. எளிதுதான்.

அன்சார் அண்ணா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா மேலே துணி எடுத்துக்கொண்டிருந்தாள், எங்கள் தலைக்கு நேர் மேலே.

"அண்ணா, பாயம்மா பேசினாங்களா?"

"பேசினாங்க மகேசு. நாளைக்கு உன் பேப்பர வெச்சுக்கினு சுத்தப் போறாங்களாம். ஒரே குஷி. இன்னா விஷயம்?"

"சும்மாதான். அங்க... குளிருமாம். ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லுங்க."

"இதுக்கா எறங்கி வந்தே?" சிரித்தார். "சொல்றேன், சொல்றேன்."

மேலே அம்மா: "பாத்தியா, எவ்ளோ அக்கறை!"

பிப்ரவரி 14, புதன்

வேலை ஓடவில்லை. அங்கே இப்போது காலை. லிஸ்பனில் மழை என்று போட்டிருக்கிறது.

பிப்ரவரி 15, வியாழன்

பாயம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டதாம். ஹோட்டல் ரூமிலேயே படுத்திருக்கிறாராம். அன்சார் அண்ணாவுக்கு விவரம் தெரியவில்லை. "வயசாச்சுல்ல" என்றார்.

அம்மா, "பாவம், குளுரு ஒத்துக்கல" என்றாள். நான் கீரை ஆய்ந்தேன்.

ஆபீசில் கண்ணன் சாரிடம் கேட்டேன். லிஸ்பன் பக்கத்தில் ஒரு வரி மாற்றலாமா என்று. குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன்.

"யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"இல்ல சார். மேடு அதிகம் போல. சமதளம்னு போட்டுட்டேன். முட்டி வலிக்காரங்க..."

"ஹெலனுக்கு முட்டி வலி இல்லம்மா." பக்கத்து சீட்டுகளில் சிரிப்பு. பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்: "பக்கம் லைவ்ல போயாச்சு. இனி அது கிளையன்ட் கையில. மெயில்ல ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன். நீங்க வியன்னாவை முடிங்க."

போடமாட்டார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வந்துவிட்டார்கள். காரிலிருந்து பாயம்மாவை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். முட்டிக்குப் பட்டை போட்டிருக்கிறது.

சாயங்காலம் பெண்கள் எல்லாரும் பாயம்மாவின் ஹாலில். டீச்சர், அம்மா, பக்கத்துத் தெருவிலிருந்து அவர் தங்கை. சாக்லெட். எனக்கு மட்டும் தனியாக நீலப் பூப்போட்ட பீங்கான் ஓடு ஒன்று, சுவரில் மாட்ட. டீச்சர் கேட்டார்: "எப்படி இருந்தது மகேசோட ஊரு?"

"புள்ள எழுதினது அப்பிடியே இருந்துச்சு. ஆறு, சதுக்கம், மாதா கோயில், எல்லாம். நான்தான் எங்கியோ பராக்குப் பாத்துக்கினு வழுக்கிட்டேன்."

அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு பிரகாசம்.

எல்லாரும் போனார்கள். அம்மா உள்ளே காபிக்குப் பால் காய்ச்சப் போனாள். நான் வெந்நீர்ப் பையைப் பாயம்மாவின் முட்டியில் வைத்துப் பிடித்திருந்தேன். அவராகவே ஆரம்பித்தார். குரல் தாழ்த்தி, சிரித்துக்கொண்டு.

"மாதா கோயில் தாண்டித் திரும்பணும்னு பாய் படிச்சார். திரும்பினா படிக்கட்டு. கீழ்ப்படில ஒரு வெள்ளக்காரம்மா, என் வயசு இருக்கும், குந்திக்கினு கீது. கைல பாத்தா, உன் பேப்பர்! அதே தொப்பிக்காரி படம். என்னாண்ட என்னமோ கத்துது. பாய கேட்டேன், இன்னா சொல்லுதுன்னு. இத எழுதினவ இந்த ஊருக்கு வந்ததே இல்ல, எங்களப் பேஜார் பண்ணிட்டா, அப்டீங்குதாம்."

நான் பையை அழுத்திப் பிடித்தேன்.

"எனக்குக் கோவம் வந்துடுச்சு. பாய், சொல்லுங்க அதுங்கிட்ட, எழுதினது எங்க வூட்டுப் புள்ள, அது பொய் எழுதாதுன்னேன். பாய் திரும்பிடலாம்னார். நான்தான் விடல. அது பாத்துக்கினு இருக்கும்போதே ஏறினேன். நீதான் சமதளம்னு எழுதிக்கிறியே. சரி, இந்தத் திருப்பம் தாண்டினா வரும்னு நெனச்சேன். தாண்டினா படி. அடுத்த திருப்பம்னு நெனச்சேன். அப்பிடியே போயிட்டேன்டி."

எங்கள் மாடிப்படி ஏறாதவர்.

அப்போது சொன்னேன். எப்படி வாய் வந்தது தெரியவில்லை. "பாயம்மா, நான் போனதில்ல."

"அது தெரியாதா எனக்கு? நீ எங்க போன? போனவங்களக் கேட்டு எழுதியிருப்பன்னு நெனச்சேன்." என்னைப் பார்த்தார். "கேக்கலியா?"

"யாரையும் கேக்கல. படத்தைப் பாத்து எழுதினேன். தப்புன்னு நீங்க போன பிறகு, திங்கட்கிழமையே தெரியும். அண்ணாகிட்ட சொல்ல வந்தேன். சொல்லல."

பாயம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம். வெந்நீர்ப் பையை என் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துக்கொண்டார்.

"ஸ்வெட்டர் போட்டுக்கச் சொன்னியாமே" என்றார்.

திரும்பினால், சமையல்கட்டு வாசலில் அம்மா. கையில் காபி. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

அம்மாவும் நானும் மாடிக்கு வந்தோம். சாப்பாடு போட்டாள். மோர் ஊற்றினாள். அந்த நீல ஓட்டைப் பரண்மேல் வைத்தாள், துணியில் சுற்றி.

பிப்ரவரி 19, திங்கள்

வியன்னா முடியவில்லை. "எளிதான நடை" என்று அடித்தேன், அழித்தேன். "எனக்குத் தெரியாது" என்று எந்த இடத்திலும் எழுத முடியாது. விமலாவிடம் கேட்டேன், வியன்னா போனவர்கள் யாரையாவது தெரியுமா என்று. "சிறுசேரில வேலை பாக்குற எங்க மாமா பையன் ஜெர்மனி போயிருக்கான், அது பக்கம்தானே?" என்றாள். நம்பர் வாங்கியிருக்கிறேன். பேச வேண்டும். ஆம்பிளையிடம் போனில் முதல்முறை. என்ன கேட்பது? மேடா, பள்ளமா.

அந்த வெள்ளைக்காரம்மா திரும்பிப் போயிருப்பார்களா?

பிப்ரவரி 20, செவ்வாய்

பனி இல்லை. தண்ணீர் லாரி வந்தது. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே குடங்களோடு அம்மாவும் டீச்சரும்.

"எங்க பொண்ணு சுதா டிகிரி முடிக்கிறா. மகேசு ஆபீஸ்ல சொல்லி வைக்கலாமா? என்ன வேலைன்னு சொன்னீங்க, ஊரெல்லாம் சுத்திக் காட்டுறதா?"

அம்மா குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினாள். நிரம்பும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டீச்சர். ஏதோ கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறா."