பென்சிலில் எழுதிய மூன்று கேள்விகள்

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்
30-4-1973

அன்பு மகள் லூர்துமேரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அண்ணன் பிலவேந்திரனும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். வடக்கே பிலாயில் நீங்களும் நலம் என்று நீ எழுதியிருக்கிறாய், அதை நான் நம்பவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். கோடை மழை ஒன்று பெய்து கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியிருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரன் மாது பொது வரப்பை நம் பக்கமாக வழித்துக்கொண்டே வருகிறான், கேட்டால் புல்லுதான் செதுக்கறேனுங்க என்கிறான், நான் தினமும் காலையில் அடி வைத்து அளந்துவிட்டு வருகிறேன். அதற்கு உன் அம்மா, கோயில் மணி அடிச்சாக்கூட யாரு அடிச்சதுன்னு கேக்கற ஆளுங்க நீங்க என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். என் சந்தேகத்தில் பாதி வீண்தான், மீதிப் பாதிதான் இந்த நிலத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

உன் கடைசி மூன்று கடிதத்திலும் ஓரத்தில் சகாயமேரி பென்சிலால் கோணல்மாணலாக ஒரு கேள்வி எழுதியிருந்தாள். மாசி மாதம் வந்ததில், தாத்தா, பெரிய மிருகம் வந்தால் சின்ன மிருகம் என்ன செய்யும் என்று கேட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம், உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினேன். முயல் புதரோடு புதராக மூச்சு அடக்கிப் படுத்துக்கொள்ளும், காலால் மிதிக்கிற தூரம் வந்தால்தான் எழுந்து ஓடும். அழுங்கு ஓடாது, பந்தாகச் சுருண்டு செதிலை வெளியே காட்டும். முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே மேலே வந்து விழும். அரணை தன் வாலைக் கழற்றிப் போட்டுவிடும், துடிக்கிற வாலை எதிரி பார்த்துக்கொண்டிருக்கையில் அது கல்லிடுக்கில் போய்விடும். ஆபத்து எல்லோருக்கும் ஒன்றுதான், ஆளுக்கு ஒரு வழி என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில், வீட்டுக்குள்ளேயே இருக்கிற மிருகம் என்றால் எங்கே ஒளிவது என்று கேட்டாள். அப்போதே எனக்கு உறுத்தியது. ஏழு வயதுப் பிள்ளை புலிக்கு எத்தனை பல், யானை எவ்வளவு தின்னும் என்று கேட்கும், இப்படியா கேட்கும்? இந்தத் தடவை, சத்தமே போடாமல் இருந்தால் விட்டுவிடுமா தாத்தா என்று எழுதியிருக்கிறாள்.

உன் கடிதத்தை மறுபடி எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஏப்ரல் இருபதாம் தேதி என்று போட்டு, இன்று கறிக்குழம்பு வைத்தேன், அவரும் பிள்ளைகளும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அன்று பெரிய வெள்ளிக்கிழமை அம்மா. கஞ்சி குடித்துச் சிலுவைப்பாதை போகிற நாளில் நீ கறி ஆக்கினாயா? விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாதவள் நீ. அப்படியென்றால் அந்தக் குழம்பும் பொய், சந்தோஷமும் பொய், இன்ன நாள் என்பதே தெரியாத நிலையில் நீ எழுதியிருக்கிறாய். பொங்கலுக்குக் குழாயடியில் வழுக்கி விழுந்து கை வீங்கியது என்றாய், மார்ச்சில் மறுபடியும் அதே குழாயடி. ஆள்காட்டிக் குருவி நம் கொல்லையில் முட்டையிட்டிருந்தால் ஒடியாத இறக்கையை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடி நம்மை ஏமாற்றும், நீயே பார்த்திருக்கிறாய். நீ ஒடிந்ததை ஒடியாததுபோலக் காட்டுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் அம்மாவிடம் சொன்னேன், முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் எல்லோரையும் துருவித் துருவி விசாரித்த நான், மாப்பிள்ளை பூசைக்கு முதல் வரிசையில் நிற்கிறார் என்று பங்குச் சாமியார் சொன்னதும் விசாரிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது, உன்னுடையது அல்ல.

சகாயமேரிக்குப் பதிலைப் படித்துக் காட்டு. சத்தம் போடாமல் இருந்தால் சில மிருகம் விட்டுவிடும், சிலது விடாது கண்ணு. பென்னாகரம் காட்டில் நான் மாடு மேய்த்த காலத்தில் ஒரு தரம் சிறுத்தை வந்தது. எருமைகள் எல்லாம் தள்ளித் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தன. தனியாக நின்ற கன்று ஒன்று பயந்துபோய் அடிவயிற்றிலிருந்து கத்தியது. அவ்வளவுதான், மேய்ச்சலை விட்டுவிட்டு அத்தனை எருமையும் ஓடி வந்து கன்றை நடுவில் விட்டுக் கொம்பை வெளியே காட்டி நின்றன. சிறுத்தை சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அந்தக் கன்று பலத்தால் பிழைக்கவில்லை, கத்தியதால் பிழைத்தது. நீயும் தம்பியும் பயமாக இருந்தால் வாய்விட்டுக் கத்துங்கள், பக்கத்து வீட்டுக்காரர் தமிழர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மாப்பிள்ளை அவர்களுக்கு. இந்தக் கடிதத்தை நீங்கள்தான் முதலில் பிரிப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன், அதனால்தான் தெளிவான எழுத்தில் எழுதியிருக்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன், எனக்கு அதில் வெட்கம் இல்லை. சரியாக இருந்தால் என் மகளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். வருகிற பத்தாம் தேதி வியாழக்கிழமை நானும் பிலவேந்திரனும் மொரப்பூரில் ரயில் ஏறுகிறோம், ஞாயிற்றுக்கிழமைக்குள் அங்கே இருப்போம்.

லூர்து, உனக்கு இங்கே வூடு இருக்கிறது, ஊர் என்ன பேசும் என்று யோசிக்காதே, பேசுகிறவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள். மாதா உங்கள் மூவரையும் தன் சீலைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, நான் தட்டும்போது கதவை நீயே வந்து திற. வேறு யாராவது திறந்து, அவள் தூங்குகிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன், உன் முகத்தைப் பார்க்கிறவரை அந்த வாசற்படியை விட்டு எழுந்திருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. மதலைமுத்து