பெயர் எழுதிய உறை

செப்டம்பர் 4, வியாழன்

உறை அண்ணன் என் வீடியோவைத் தன் சேனலில் போட்டுவிட்டார், என் வீடியோவை, எங்கள் சமையலறை மேசையை, அம்மாவின் கையெழுத்தை, இரண்டு லட்சம் பேர் பார்க்கிற இடத்தில்!

மதியம் பார்சல் அலுவலகத்தில் ஒருவருடைய பெட்டியை எடைபோட்டுக் கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. பார்த்தேன். அந்தப் பெட்டியின் எடையை இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். "என்னம்மா, லாட்டரியா?" என்றார் அவர். அதைவிடப் பெரிசு சார்.

மூன்று வருடமாக உறை அண்ணனின் ஒரு வீடியோகூட விட்டதில்லை. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. வேதம் சொல்கிறபடி வீட்டுப் பணத்தை எப்படி நடத்துவது என்பதுதான் அவர் பேச்சு. சம்பளம் வந்த அன்றே பிரித்து உறைகளில் போட வேண்டும். முதல் உறை தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒன்று சபைக்கு. பிறகு வாடகை, சாப்பாடு, வேன். கடைசி உறை 'கொடுத்தல்'. உறையில் இல்லாத பணத்தைச் செலவு செய்யக் கூடாது, கடன் கூடவே கூடாது. அப்பாவையும் அம்மாவையும் இதற்குச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அண்ணனின் ரசிகர் குழுவுக்கு நான்தான் அட்மின். எண்ணூறு பேர். ஆனால் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று அவருக்கு இன்றுதான் தெரியும்.

வீடியோ நாற்பது நொடி. அப்பாவின் வேன் கடன் போன வாரம் முடிந்தது. அதைக் கொண்டாட ஐந்து உறைகளையும் வரிசையாக வைத்து, கேமராவை மெதுவாக நகர்த்தினேன். 'இது கடன் இல்லாத வீடு' என்று எழுதிப் போட்டேன்.

அம்மா பார்த்துவிட்டு, "மேசைத்துணி கிழிஞ்சிருக்கே, அதையுமா ஊருக்கெல்லாம் காட்டுவ?" என்றாள். அப்பா, "கடன் என் வேனுக்கு. வேனைக் காட்டவே இல்ல" என்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

பதினோராயிரம் பேர். அண்ணன் மேலே எழுதியிருக்கிறார்: 'இப்படி ஒரு மகள் போதும்.' பத்து முறையாவது படித்திருப்பேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் ஆராதனைக்குப் போனோம். வாசலிலேயே நாலு பேர் வந்து கை கொடுத்தார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. அப்போது தையல்கடை அத்தை அம்மாவின் தோளைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நீங்கதான் டீச்சருக்கு வாடகை கட்றீங்களா? சொல்லவே இல்லையே."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது.

ஐந்தாவது உறை. 'கொடுத்தல்' என்று நான் அச்சடித்து ஒட்டிய லேபிளுக்குக் கீழே, அம்மாவின் கையெழுத்தில், 'கீபோர்ட் டீச்சர் வாடகை'.

எங்கள் சபையில் பத்து வருடமாக கீபோர்ட் வாசிப்பவர் டீச்சர். போன வருடம் கணவர் இறந்துவிட்டார். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற பணம் வாடகைக்குப் போதவில்லை. ஏழு மாதமாக ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, அப்பா சீக்கிரம் போய் நாற்காலி விரிக்கிற சாக்கில், கீபோர்ட் உறையின் சின்ன ஜிப்புக்குள் பணத்தை வைத்துவிடுவார். யார் வைக்கிறார்கள் என்று டீச்சருக்கே தெரியாது.

எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது. படம் எடுக்கும்போது அது எனக்கு எழுத்தாகவே தெரியவில்லை. வரிசை நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

அந்த உறையில் பெயர் எழுத வைத்ததும் நான்தான். "இதுக்குப் பேர் வேணாம்டி" என்றாள் அம்மா. "பேர் இல்லாத பார்சல் போய்ச் சேராதும்மா, எழுது" என்றேன். என்னவோ பெரிய அறிவாளி மாதிரி.

டீச்சர் இன்று வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீபோர்ட் மூடியே கிடந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

என் வீடியோவை அழித்துவிட்டேன். அண்ணன் சேனலில் இருப்பதை என்னால் அழிக்க முடியாது. அவருக்கு மூன்று முறை எழுதினேன்.

அம்மா என்னோடு பேசுகிறாள். சாப்பிடு, குடை எடுத்துக்கோ, கதவைச் சாத்து. அவ்வளவுதான் பேசுகிறாள்.

செப்டம்பர் 10, புதன்

அண்ணனின் குழுவிலிருந்து பதில்: 'அன்பான சகோதரி, உங்கள் சாட்சியால் பலர் ஆசீர்வதிக்கப்படுகிறார்கள். சாட்சியை மறைக்க வேண்டாம்.'

அவர் எழுதியது இல்லை. எல்லாருக்கும் அனுப்புகிற பதில். அட்மின் என்ற முறையில் இதே மாதிரி பதிலை நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

டீச்சர் வீட்டுக்குப் போனேன். தனியாக. அம்மா, "நானும் வரேன்" என்று செருப்பு மாட்டினாள். பிறகு அவளே கழற்றிவிட்டாள். "ரெண்டு பேரா போனா பணம் கேக்க வந்த மாதிரி இருக்கும்."

இரண்டாவது மாடி. ஒரே அறை. சுவரோரம் பழைய பியானோ, அதன் மேல் பிள்ளைகளின் பாட நோட்டுகள். ஜன்னல் கம்பியில் ஒரே ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வரிகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். டீச்சர்தான் ஆரம்பித்தார்.

"எத்தனை பேர் பாத்தாங்க?"

"பதினாறாயிரம், டீச்சர்."

"முப்பது வருஷமா வாசிக்கிறேன். மொத்தமா சேத்தாலும் என்னை அவ்வளவு பேர் கேட்டிருக்க மாட்டாங்க."

அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத. நான் சொல்றதைக் கேளு. ஏழு மாசமா அந்தப் பணத்தை வெக்கறது யாருன்னு எனக்குத் தெரியாது. வாசிக்க உக்காந்தா முன்னாடி இருக்கற ஒவ்வொரு முகத்தையும் பாப்பேன். இவரா இருக்குமோ, அந்தம்மாவா இருக்குமோன்னு. அப்படிப் பாத்துப் பாத்து எல்லார் மேலயும் ஒரு பிரியம் வந்துருச்சு, தையல்கடைக்காரம்மா மேலகூட. இப்ப எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. என்னால யார் முகத்தையும் பாக்க முடியல."

இனி பணம் வாங்க மாட்டாராம். வாங்கினதையும் மாதம் ஐந்நூறாகத் திருப்பித் தருவாராம். அக்டோபர் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாராம்.

"வேணாம் டீச்சர், அது கடன் இல்ல" என்றேன்.

"இப்ப கடன்தான்மா. பேர் போட்டாச்சே."

செப்டம்பர் 14, ஞாயிறு

கீபோர்ட் இல்லாமல் பாடினோம். போதகர் ஐயா சுருதியை ரொம்ப மேலே எடுத்துவிட்டார். பாதிப் பாட்டில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

இரண்டு செய்தி. இரண்டும் கெட்டது.

அப்பாவின் வேனில் கியர்பாக்ஸ் போய்விட்டது. தண்ணீர் கேன்களோடு நடு ரோட்டில் நின்றிருக்கிறது. சரி செய்யக் கேட்கிற தொகையில் கால்பங்குகூட வேன் உறையில் இல்லை. வேன் ஓடாவிட்டால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலிகூட இல்லை.

இன்னொன்று, கதவிடுக்கில் ஒரு வெள்ளைத்தாள். அதற்குள் ஒரு ஐந்நூறு நோட்டு. தபால்தலை அளவுக்குச் சதுரமாக மடித்து, ஒரு மூலையை உள்ளே செருகியிருந்தது. தாளில் டீச்சர் கையெழுத்து: 'முதல் தவணை.'

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையில் இன்னும் சோப்பு வாசனை. நோட்டைப் பிரிக்கவில்லை. அடுப்புக்கு மேலே அலமாரியில் வைத்தாள். அப்புறம்தான் மனசில் இருந்ததைப் பேசினாள். பன்னிரண்டு நாளுக்கு அப்புறம்.

"கடன் இல்லாத வீடுன்னு எழுதினியே. நம்ம கடன் முடிஞ்சுது. அந்தம்மாவைக் கடன்காரியாக்கிட்ட."

  

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து நடந்து வரும்போது அப்பாவிடம் கேட்டேன். "சபையில கேக்கலாம்லப்பா, வேனுக்கு? கடனா இல்ல, உதவியா."

"யார்கிட்ட?"

"போதகர் ஐயாகிட்ட."

"ஐயா கமிட்டில சொல்வாரு. கமிட்டில ஏழு பேரு. ஏழு பேரும் வீட்டுக்குப் போய் ஜெபக் குறிப்புன்னு சொல்வாங்க. அடுத்த வாரம் நான் நாற்காலி விரிக்கும்போது எல்லாரும் என் முதுகைத் தடவுவாங்க." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "கொடுக்கறது ஈஸிப்பா. வாங்கறதுதான் முள்ளு மாதிரி."

டீச்சர் சொன்னது அப்போதுதான் முழுசாக உள்ளே இறங்கியது. எங்கள் வீட்டுக்கே வந்தபிறகு. இவ்வளவு மட்டியா நான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அண்ணனே குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். நடந்ததை முழுவதும் நேற்று அவருக்கு எழுதியிருந்தேன், டீச்சர் யாரென்று காட்டாமல். பதினைந்து நொடிதான். "தங்கச்சி, அந்த உறையை நானும் பாத்தேன். பேர் தெரியுதேன்னு தோணலை. என் பேர் எத்தனை பேருக்குப் போகும்னுதான் தோணுச்சு. எடுத்துட்டேன். அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

போய்ப் பார்த்தேன். வீடியோ இல்லை. முன்பானால் அவர் குரலில் "தங்கச்சி" என்று கேட்டதற்கே துள்ளியிருப்பேன்.

செப்டம்பர் 27, சனி

யோசனை எனக்கு அலுவலகத்தில் வந்தது. ரசிகர் குழுவுக்காக வாங்கிய பழுப்பு உறைகள் இருநூறு, என் மேசைக்குக் கீழே கட்டாகக் கிடக்கின்றன. லேபிள் ஒட்டாதவை. எல்லாம் ஒரே மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் போதகர் ஐயாவிடம் போனேன். நாற்காலி அடுக்கி வைக்கிற பக்கத்து அறைக்கு இரண்டு வாசல். உள்ளே ஒரு பெட்டி. ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரும் கையில் ஒரு பழுப்பு உறையோடு தனியாகப் போக வேண்டும். போட வேண்டியவர்கள் போடலாம். எடுக்க வேண்டியவர்கள் எடுக்கலாம். இன்னொரு வாசல் வழியாக அதே உறையோடு வெளியே வர வேண்டும். உள்ளே போகும்போதும் உறை, வெளியே வரும்போதும் உறை. எல்லாரும் போக வேண்டும், ஒருவர் விடாமல்.

"எவனாவது மொத்தத்தையும் அள்ளிட்டுப் போனா?" என்றார் ஐயா.

"அவ்வளவு தேவை இருக்குன்னு நெனைச்சுக்கலாம் ஐயா."

"கமிட்டி கணக்கு கேக்கும்."

"கணக்கு எழுதாத ஒரு பெட்டியாவது இருக்கட்டும் ஐயா." இதைச் சொன்னது நானா? இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோ பார்த்தவளா?

"நானும் போகணுமா?"

"நீங்கதான் ஐயா முதல்ல."

அக்டோபர் 5, ஞாயிறு

அறுபத்து மூன்று பேர். நாற்பது நிமிடம் ஆனது. தையல்கடை அத்தை வரிசையில் நின்று, "இதென்ன ரேஷன் கடையா?" என்று முணுமுணுத்தார், ஆனால் போனார். நாற்காலி அடுக்க வேண்டும், கடைசியாகப் போகிறேன் என்று அப்பா ஒதுங்கி நின்றார். அம்மா போனாள். டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்தே இருந்தார். அப்பாவைத் தவிர எல்லாரும் முடிந்தபிறகு எழுந்தார். அவர் உள்ளே இருந்தபோது நான் வேண்டுமென்றே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எல்லாருமே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் சமையலறை மேசையில் ஒரு பழுப்பு உறை. அப்பா அதிலிருந்த நோட்டுகளை எடுத்து நீவிக்கொண்டிருந்தார். "ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ட்டு வரேன். முழுசா இல்ல, ஆனா வேலையை ஆரம்பிக்கச் சொல்லலாம்" என்றார். அம்மா தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே, "சரி" என்றாள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

நோட்டுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சதுரமாக இருந்தது. தபால்தலை அளவு. ஒரு மூலை உள்ளே செருகியிருந்தது. நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தேன். முதல் நோட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. இது வேறு.

அப்பா அதைப் பிரித்து மற்றவற்றோடு சேர்த்தார். அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வேன் ஓடுகிறது. இரண்டாவது கியரில் மட்டும் இருமுகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

போதகர் ஐயா பாட்டை எடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் ஓரத்திலிருந்து கீபோர்ட் உறையின் ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுருதி வந்தது. அம்மா பாடாமல் நின்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

டீச்சர் வீட்டுக் கதவில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறது: 'வகுப்புகள் வழக்கம்போல நடக்கும்.' படியில் என்னைப் பார்த்து, "நீயும் கத்துக்க வரலாம், விரல் சும்மா போனைத் தேய்ச்சுட்டு இருக்கு" என்றார். இரண்டாம் தவணை என்று எதுவும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அலமாரியில் இருந்த முதல் நோட்டும் இன்று காலையிலிருந்து அங்கே இல்லை. அம்மாவிடம் கேட்கவில்லை. இன்று முதல் ஞாயிறு, பெட்டி வைக்கிற நாள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ரசிகர் குழுவில் எழுதினேன். படம் போடவில்லை. போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'அன்பானவர்களே, ஐந்து உறை முறையை நான் விடவில்லை. நான்கில் லேபிள் ஒட்டுங்கள். ஐந்தாவதில் ஒட்டாதீர்கள். உங்கள் சபையில் இரண்டு வாசல் உள்ள ஒரு அறையைப் பாருங்கள், ஒரு பெட்டி வையுங்கள், எல்லாரையும் கூப்பிடுங்கள். உறை வேண்டுமென்றால் கேளுங்கள், என்னிடம் நூற்று முப்பது மிச்சம் இருக்கிறது, அனுப்புகிறேன். செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எவ்வளவு என்று எழுத வேண்டாம். யாருக்கு என்றும் வேண்டாம். எத்தனை பேர் உள்ளே போய் வந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். நாங்கள் இன்று அறுபத்து நான்கு பேர்.'