அண்ணன் திரும்பி வந்தால்

ஆம்பூர்,
12-2-2025

கர்த்தருக்குள் அன்பான ஜாஸ்மினுக்கு, ஜோசுவா எழுதுவது.

ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். நர்ஸ் குவார்ட்டர்ஸ் அறை வசதியாக இருக்கிறதா? பாகாயத்தில் கொசு ஜாஸ்தி. நீங்கள் ஒரு கொசுவலைகூட எடுத்துப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது நாக்குக் குழறல்தான். வாசகர் வட்டம் வைத்த சுந்தர்ராஜ் அண்ணனின் நினைவுக் கூட்டம், மண்டபம் நிறைய ஆட்கள், மைக்கைப் பிடித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சால்வை போர்த்த உங்களைக் கூப்பிடும்போது "அண்ணி மேடைக்கு வரவும்" என்று வாயில் வந்துவிட்டது. அண்ணன் உயிரோடு இருந்தவரை, நீங்கள் அவர் மனைவியாக இருந்தவரை, அப்படித்தானே கூப்பிட்டேன்? சபை சிரித்தது உண்மை. அதற்காகச் சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, இப்போது கட்டிய புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலூர் பஸ் ஏறிவிடுவதா?

ஷூ கம்பெனியில் ஜெர்மனி ஆர்டர். கட்டிங் செக்‌ஷனில் ஆள் கம்மி, சூப்பர்வைசர் என்று பெயர்தான், நானே கத்தியைப் பிடிக்கிறேன். பக்கத்து வீட்டு ஜியாவுதீன் பாய் பிரியாணி கொண்டுவந்தார். "இன்னா ஜோசுவா, வீட்ல ஆள் இல்லாம பேஜாரா கீறியே?" என்றார். "டூட்டிக்குப் போய்க்கிறாங்க பாய், வந்துருவாங்க" என்றேன்.

வாசகர் வட்டத்தின் ஆண்டு மலரை இத்துடன் அனுப்புகிறேன். இறந்த எழுத்தாளர்களில் ஒருவரை உயிரோடு எழுப்பலாம் என்றால் யாரை எழுப்புவீர்கள், ஏன் என்று கேட்டிருந்தார்கள். எல்லோரும் பெரிய பெரிய பேராக எழுதினார்கள். நான் நம் அண்ணனை எழுதினேன். வட்டத் தலைவர் கோவிந்தசாமி சார் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படியுங்கள், உங்கள் கோபமும் தணிந்துவிடும்.

இப்படிக்கு,
ஜோசுவா


பாகாயம்,
20-2-2025

அன்புள்ள உங்களுக்கு,

கொசுவலை வாங்கிக்கொண்டேன். மலரைப் படித்தேன். கோபம் தணியவில்லை.

"அண்ணன் வந்தால் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். அவர் மேசை, அவர் பேனா, அவர் வீடு, எல்லாவற்றையும் அவர் விட்டுப்போனபடியே ஒப்படைப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'எல்லாவற்றிலும்' நானும் உண்டா?

அவரைக் குறை சொல்ல வரவில்லை. நன்றாக எழுதினார். ஆனால் நைட் டூட்டி முடிந்து வந்தவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றாத மனுஷர். கேட்டது நீங்கள். அவர் போன அன்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதீர்களே, இவ்வளவு அழத் தெரிந்தவரோடு வாழ்ந்துவிடலாம் என்று அப்போது நினைத்தேன். ஊர் பேசியது. என் அண்ணன் நெல்வின் இன்றுவரை படியேறவில்லை. சர்ச் ஆல்டரில் உங்களோடு நின்றபோது எனக்கு ஒரு பயமும் இல்லை.

கல்யாணத்தன்று காலையில் கல்லறைக்குப் போய் மாலை வைத்தோம். நம் ஆட்கள் செய்வதுதான், சரி என்றிருந்தேன். பிறகு ஒவ்வொரு கல்யாண நாளிலும் கேக் வாங்குவதற்கு முன்னால் அங்கேதான் கூட்டிப்போகிறீர்கள். அவரிடம் இன்னொரு வருஷத்துக்கு அனுமதி வாங்குவதுபோல நிற்கிறீர்கள். ஒரு நாளாவது உங்களுக்கு அவர்மேல் பொறாமை வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் ஊரறிய மேடையிலேயே என்னை அவரிடம் அனுப்பிவிட்டீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் நாளைக்கே வாசலில் வந்து நின்றால் என்னையும் கொடுத்துவிடுவீர்களா? மாட்டேன் என்று எழுதுங்கள். அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

ஜாஸ்மின்


ஆம்பூர்,
3-3-2025

அன்பான ஜாஸ்மினுக்கு,

மாட்டேன் என்று எழுதிக் கவரையும் ஒட்டிவிட்டேன். போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

தோல் பதனிடும் ஷாப்பில் உப்புத் தோல் சுமந்துகொண்டிருந்தவன் நான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாற்றம் தாங்காமல் எழுந்து போவார்கள். அண்ணன் என்னைத் தன் பாயில் உட்காரவைத்து, தன் தட்டில் சோறு போட்டு, "உன் கதையைச் சொல்றா" என்றார். அவர் வீட்டில் அவர் இல்லாமல் இருக்கிறேன் என்பதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் கையைப் பிடிக்கும்போதெல்லாம் அவர் பார்ப்பார் என்று ஒரு பயம். நீங்கள் தூங்கின பிறகு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், அது உங்களுக்குத் தெரியாது.

பிரியம் இல்லையென்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டென்று தோன்றியதே இல்லை. அவர் வந்து நின்றால் என் கால் தானாக ஒதுங்கிவிடும். உங்களுக்குப் போய் எப்படிப் பொய் எழுதுவது?

அவரா வரப்போகிறார்? வராதவரை வைத்து நமக்குள் ஏன் சண்டை? வந்துவிடு, ஜாஸ்மின். நாலு தடவை அடித்துவிட்டுத்தான் இந்த 'விடு'வை எழுதினேன். நீங்களாக இருந்தால் யாரை எழுப்புவீர்கள்?

உங்கள் ஜோசுவா


பாகாயம்,
11-3-2025

அன்புள்ள ஜோசுவாவுக்கு,

பொய் எழுதாததற்கு நன்றி. எழுதியிருக்கலாம் என்றும் இருக்கிறது. கடிதத்தை வார்டு பாத்ரூமில் நின்று படித்தேன். கூட டூட்டியில் இருந்த ஷர்மிளா கதவைத் தட்டி, "இன்னாச்சி சிஸ்டர்? அழுவுறீங்களா?" என்றாள். தலைவலி என்றேன்.

நீங்கள் தூங்காமல் முகத்தைப் பார்த்தது எனக்குத் தெரியும். நானும் தூங்கவில்லை. ஒரு தடவை எழுப்புவீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

யாரை எழுப்புவேன் என்று கேட்டீர்கள். நானும் அவரைத்தான். கதை எழுத அல்ல, என்னோடு வாழவும் அல்ல. வந்தவரை உள்ளேகூடக் கூப்பிடமாட்டேன். வாசலிலேயே அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பிய எனக்கு உட்டுக்குடுத்துட்டுப் போங்க. நான் சொன்னா அவருக்குக் காதுல ஏறல, நீங்க சொன்னா கேப்பாரு" என்று அழுவேன்.

வீட்டில் நீங்களே இருங்கள். என் புடவைகளை மட்டும் ஷர்மிளா ஆம்பூர் வரும்போது கொடுத்தனுப்புங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

செத்தவர் வரமாட்டார், ஜோசுவா. நானும் வரவில்லை.

ஜாஸ்மின்