இரண்டு மகள்கள் கொடுத்த மாத்திரை

விஸ்வநத்தம்
3.1.2025

பியூலா அக்காவுக்கு ஸ்வீட்டி எழுதுவது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. என் போனை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால், தினமும் உன் ஊர்ப் பக்கம் சூலக்கரைக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு ஊர்க்காவலன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். புத்தாண்டன்று பிள்ளைகள் கொளுத்திப் போட்ட மத்தாப்புக் கம்பியை அம்மா வெறுங்காலோடு மிதித்துவிட்டாள். தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். வலிக்கவே இல்லையாம். சர்க்கரையும் இல்லை, பாதம் மரத்துப் போயிருக்கிறது என்கிறார் டாக்டர். ஊருக்கெல்லாம் நர்ஸ் நீ. பெற்றவளை எட்டிப் பார்க்க மட்டும் நேரமில்லை.

ஸ்வீட்டி

விருதுநகர்
6.1.2025

ஸ்வீட்டி,

உன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொன்னவளே நீதான். கால் எரிகிறது என்று அம்மா சொல்லி அனுப்பியதிலிருந்து மாதாமாதம் நரம்பு மாத்திரை அனுப்புகிறேன், அதே ஊர்க்காவலன் அண்ணன் கையில். நீ அதைக் குப்பையில் போட்டிருப்பாய். கொடுத்திருந்தால் இப்படி ஆகுமா?

பியூலா

விஸ்வநத்தம்
8.1.2025

அக்கா,

நீ அனுப்பியதே எனக்கு இன்றுதான் தெரியும். அம்மா வேதாகமப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். நானும் ஒரு வருஷமாக மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸும், நரம்புக்கு என்று ஒரு கேப்சூலும் வாங்கிக் கொடுத்து வருகிறேன். எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாள். அட்டைகளை இதோடு அனுப்புகிறேன், பார்த்துச் சொல். பட்டாசு வேலை செய்கிறார் என்பதற்காக என் வீட்டுக்காரரைச் சபையார் முன்னால் வேட்டுக்காரப் பயல் என்றாயே, அவர்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்.

ஸ்வீட்டி

விருதுநகர்
9.1.2025

ஸ்வீட்டி,

எல்லாவற்றையும் உடனே நிறுத்து. பி விட்டமின்களைச் சேர்த்துச் சாப்பிடுவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால் இந்த மூன்று அட்டையிலும் பி6 இருக்கிறது, அதுவும் அதிகமாக. அது மாதக்கணக்கில் அளவு மீறிப் போனால் நரம்பையே கெடுக்கும். டாக்டரிடம் அட்டைகளைக் காட்டு. நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உனக்குத்தான் திமிராயிற்றே.

பியூலா

விஸ்வநத்தம்
13.1.2025

அக்கா,

டாக்டரும் அதையேதான் சொன்னார். நிறுத்தியாயிற்று. "ஏம்மா எங்கிட்ட மறைச்ச?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டீக. ஒருத்தி குடுத்தத வேண்டாமின்னா அவ மனசு நோவாதா? அதான் ரெண்டையும் முழுங்கிட்டேன்" என்றாள்.

கேட்டதும் அழுதுவிட்டேன். அதற்காக உன் மேல் உள்ள கோபம் குறைந்துவிடவில்லை. ஞாயிறு காலை நாங்கள் வெளியே போய்விடுவோம், அம்மா மட்டும் வீட்டில் இருப்பாள். அப்போது வந்து பார்த்துவிட்டுப் போ. மாத்திரை எதுவும் கொண்டு வராதே. நீ வந்ததை அம்மா என்னிடம் சொல்ல வேண்டாம். நம் இரண்டு பேரிடமும் மறைப்பது அவளுக்குப் பழகிப் போய்விட்டது.

ஸ்வீட்டி